பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு

அல்பேர்ட் அந்தப் படத்தை முழுதாகப் பார்க்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பார்த்துவிட்டு, றிமோட்டை அமத்தி நிறுத்திப்போட்டு, யன்னலடியில் போய் நின்றார். கீழே ட்ராம் ஒன்று வளைவில் கிறீச்சிட்டுத் திரும்பியது. தன்னுடைய தொண்டைக்குள்ளும் எதையோ இறக்குகிற மாதிரி அவருக்கு இருந்தது. இரண்டு தரம் செருமிப் பார்த்தார். போகவில்லை.

வீடியோக் கசெற் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. மகளிர் தினத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டப் போகிறார்களாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வாக்குரிமை கேட்டுத் தெருவில் இறங்கிய பெண்களின் கதை. ஜெர்மன் மொழியில் பேசவிட்டிருந்தார்கள். மட்டையில் ‘பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு’ என்று போட்டிருந்தது. லவினியாவுக்குப் பன்னிரண்டு ஆக இன்னும் மூன்று மாதம் கிடந்தது. வகுப்பில் அப்படி ஐந்தாறு பேர். தாய் தகப்பன் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தால்தான் அந்தப் பிள்ளைகள் பார்க்கலாம் என்று ஆசிரியை ஃபிராவ் கிறேமர் கடிதம் எழுதி, கசெற்றையும் வீட்டுக்கு வீடு சுற்றவிட்டிருந்தார்.

அல்பேர்ட்டுக்குப் பாண் தொழிற்சாலையில் வேலை. விடியப் போனால் இரண்டு மணிக்கு வீட்டில் நிற்பார். அதனால் முதலில் பார்க்கிற பொறுப்பு அவரிடம் வந்தது. பழைய காலத்துச் சட்டை, குதிரை வண்டி, தொப்பி என்று வசதியாகச் சாய்ந்திருந்துதான் பார்க்கத் தொடங்கினார். கையுறைக் கடையில் வேலை செய்கிற ஒருத்தி சிறைக்குப் போகிறாள். சாப்பிட மறுக்கிறாள். ஆறாம் நாள் நாலு பேர் அவளைக் கதிரையோடு சேர்த்துப் பிடிக்க, வைத்தியர் ஒருவர் மூக்குக்குள்ளால் இறப்பர்க் குழாயை விடுகிறார். கமெரா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

லவினியா பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே, “பிள்ளை, உந்தப் படம் உனக்குச் சரிவராது” என்றார்.

“ஏன் அப்பா?”

“அதுக்குள்ளை ஒரு இடம் இருக்கு. வளந்த எனக்கே பாக்க ஏலாமக் கிடக்கு.”

“யூலியா பாப்பாள். எல்லாரும் பாப்பினம். நான் மட்டும் நூலகத்திலை போய் இருக்கோணுமோ?”

“ஒருநாள் இருந்தா என்ன?”

லவினியா அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். கடிதத்தை எடுத்து மேசையில் அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, “அப்ப ஏன் எண்டு இதிலை எழுதுங்கோ. ஃபிராவ் கிறேமர் காரணம் கேட்டிருக்கிறா” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

அவர் பேனையை எடுத்தார். காரணம் அவருக்கு ஜெர்மன் மொழியிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்த மனைவி ஞானமலர், வெறுமையாய்க் கிடந்த கடிதத்தைப் பார்த்தாள். விசயத்தைக் கேட்டுவிட்டு, “நானும் ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுறன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, லவினியாவை யூலியா வீட்டுக்கு அனுப்பிவிட்டு இருவரும் செற்றியில் இருந்தார்கள். குழாய் விடுகிற இடம் வரும்போது அல்பேர்ட் மனைவியின் முகத்தைத்தான் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் பார்க்காமல் விட்ட பகுதி வந்தது. சிறைக்கு வெளியே பெண்கள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கிறார்கள். பெரிய இரும்புக் கேற் பூட்டிக் கிடக்கிறது. ஒருவரும் சத்தம் போடவில்லை, சும்மா நிற்கிறார்கள்.

ஞானமலர் எழும்பிவிட்டாள்.

“நிப்பாட்டுங்கோ” என்றாள். அவர் நிறுத்தினார்.

“இப்பிடித்தான் நிண்டனாங்கள்.”

“ஆர்?”

“நாங்கள்தான். எண்பத்துநாலிலை, யாழ்ப்பாணக் கச்சேரி வாசல்லை. ஆமி பிடிச்சுக்கொண்டு போன பெடியளை விடச்சொல்லித் தாய்மார் ஊர்வலம் போனவையெல்லோ. நானும் போனன்.”

அல்பேர்ட் அந்த வருசம் தை மாதமே ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிவிட்டார். கலியாணப் பேச்சுக்கால் முடிந்திருந்த ஞானமலர் அடுத்த வருசம்தான் வந்து சேர்ந்தாள். அவளுடைய தம்பி கொட்வினைப் பிடித்ததும் அவருக்குத் தெரியும், பதினொரு மாதம் கழிய விட்டதும் தெரியும். இது தெரியாது.

“நீர் எனக்கு எழுதேல்லையே?”

“கடிதத்தை உடைச்சுப் பாக்கிற காலத்திலை எப்பிடி எழுதுறது? பிறகு இஞ்சை வந்து… எல்லாரும்தானே போனது. சொல்லுறதுக்கு என்ன இருக்கு?”

சொல்லுவதற்கு இருந்தது. அந்தத் தாய்மாரில் கனபேருக்குத் தங்கள் பிள்ளைகளின் பெயரை இங்கிலீசில் எழுதத் தெரியாது. ரைப்பிங் படித்துக்கொண்டிருந்த ஞானமலர், ஒரு கிழமையாய் வீடு வீடாய்ப் போய்ப் பெயர்களைக் கேட்டுக் கொப்பியில் எழுதினாள். அன்றைக்குக் கச்சேரி என்கிற அந்த அரசாங்கக் கந்தோர் வாசலில் துவக்கோடு காவல் நின்றது. முன்னுக்கு நின்ற மீன் விற்கிற மனிசி கேற்றைப் பிடித்து ஆட்டத் தொடங்க, மற்றவர்களும் பிடித்தார்கள். கேற் திறந்தது. உள்ளேயிருந்து வந்த அதிகாரி ஒருவர், தலைவி ஆர் என்று கேட்டார். அப்படி ஒருவரும் இல்லை. கொப்பி வைத்திருந்தவளைப் பிடித்து முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள்.

“லிஸ்ரைத் தந்திட்டுப் போங்கோ எண்டார். நான் மாட்டன், வாசிச்சுப்போட்டுத்தான் தருவன் எண்டன். எங்கையிருந்து அந்த வாய் வந்துதெண்டு இண்டைக்கும் தெரியாது. ஒவ்வொரு பேரா வாசிச்சன். வாசிக்க வாசிக்க அந்தந்தத் தாய் ‘என்ரை பிள்ளை’ எண்டு கையை உயத்தினவ. அந்த மனிசன் கடைசிமட்டும் நிண்டு கேட்டார்.”

“உம்மடை தம்பியின்ரை பேர்?”

“கடைசி. அம்மாதான் இல்லையே. நானே வாசிச்சு, நானே கையை உயத்தினன்.”

பிறகு அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். “நாகமுத்து இளங்கீரன், கோண்டாவில். மரியாம்பிள்ளை ஜோன்சன், குருநகர். குணசேகரம் நடேசன், அரியாலை…” பதினாலு வருசத்துக்குப் பிறகும் ஒழுங்கு பிசகாமல் வந்தது. அல்பேர்ட் றிமோட்டைக் கீழே வைத்தார். இந்த மனிசியோடு அவர் பதின்மூன்று வருசம் ஒரு மேசையில் சாப்பிட்டிருக்கிறார். கடையில் மீதிக்காசு குறைந்தால்கூட, கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி வருகிறவள். கோயிலில் பெரிய மாதா சுரூபத்துக்கு முன்னால் நிற்கிறபோது தான் சிறுத்துப்போகிற மாதிரி அவருக்கு இருக்கும். இப்போது சொந்த வீட்டுச் செற்றியில் இருந்துகொண்டு அப்படி இருந்தது.

அவள் முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “சரி, ஆனா அந்தக் குழாய்…” என்றார்.

“ஓம், பயங்கரம்தான். நூலகத்திலை தனிய இருந்து, என்னவா இருக்கும் எண்டு யோசிக்கிறது அதைவிடப் பயங்கரம். எங்களுக்கு நடுவிலை இருந்து முதலிலை பாக்கட்டும். பிறகு அவளே சொல்லட்டும்.”

பின்னேரம் லவினியா இருவருக்கும் நடுவில் இருந்து பார்த்தாள். அந்த இடம் வர, “வேணுமெண்டா கண்ணை மூடு பிள்ளை” என்றாள் ஞானமலர். லவினியா மூடவில்லை. அல்பேர்ட்டின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தாள். அது முடிந்த பிறகு கேட்டாள்:

“அந்த டொக்ரர் வீட்டை போய்த் தன்ரை பிள்ளையளுக்கு என்ன சொல்லியிருப்பார்?”

அல்பேர்ட் இரண்டு தரம் அந்தக் காட்சியைப் பார்த்தவர். டொக்ரருக்கு ஒரு வீடு இருக்கும் என்றே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை எந்தக் கதவால் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாள் என்று அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போய்க் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். காரணம் எழுதுகிற இடத்தில் ஒரு கோடு போட்டார்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் முதலில் சிரித்த பெடியள் பிறகு சத்தமில்லாமல் இருந்தார்களாம். யூலியா இடையில் எழும்பி வெளியே போய்விட்டாளாம். லவினியா கூடப் போய், அவளுடன் வாங்கில் இருந்தாளாம். “நான்தான் ஏற்கனவே பாத்திட்டனே, அவள் தனிய இருக்கக்கூடாது” என்றாள்.

அன்று பின்னேரம் ஞானமலர் அவளைக் கூப்பிட்டிருத்தி, கச்சேரி வாசல் கதையைச் சொன்னாள். அல்பேர்ட் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டார். பிள்ளை குறுக்கே பேசாமல் முழுதையும் கேட்டது.

“கொட்வின் மாமா திரும்பி வந்தாப்பிறகு, மற்ற அம்மாக்கள் என்ன செய்தவை?”

ஞானமலர் பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

“வீட்டை வந்தவை. நாலைஞ்சு நாளா வந்துகொண்டே இருந்தவை. ‘என்ரை பிள்ளையைக் கண்டனியோ?’ எண்டு கேப்பினம். அவன் இல்லையெண்டு சொன்னாலும் கோவிக்கேல்லை. அவன்ரை தலையை, முகத்தை, கையைத் தொட்டுத் தொட்டுப் பாத்தவை. ஒராள் மா உருண்டை கொண்டுவந்து தீத்திவிட்டவ.”

“மாமா என்ன செய்தவர்?”

“எல்லாருக்கும் தொட இடம் குடுத்துக்கொண்டு இருந்தான்.”

அல்பேர்ட் மூன்று கோப்பைகளையும் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போகத் துணிவில்லாமல் குசினி வாசலிலேயே நின்றார்.