முப்பத்தொன்றாவது வரிசை

கமலக்கண்ணன் முதலாளியின் பட்டுக் கடையில் நெய்து வரும் சேலைக்கு இரண்டே சீட்டு. பச்சை ஒட்டினால் பர்ஃபெக்ட், மஞ்சள் ஒட்டினால் செகண்ட்ஸ், இரண்டாந்தரம். ஒட்டுகிறவன் சுதாகர்.

ஆரணியில் அந்த பர்ஃபெக்ட் என்ற வார்த்தை மலிந்து கிடந்தது. டீயில் சர்க்கரை சரியாக விழுந்தால் பர்ஃபெக்ட். ஜாக்கெட் அளவுக்கும் ஜாதகப் பொருத்தத்துக்கும் அதே பர்ஃபெக்ட். சுதாகரின் மேஜையில் மட்டும் அதற்கு ஒரே பொருள்: முந்தியிலிருந்து கடைசி முழம் வரை ஒரே கை, ஒரே அடி.

அந்தக் கடைக்கு நெய்யும் ஜெயவேல் தன் சேலைக்கு அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. பச்சைச் சீட்டோடு வந்தாலும் "ஏதோ பரவால்ல" என்பார். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் ஒரே ஒரு தடவை, பெரணமல்லூரில் மாமியார் வைத்த கருவாட்டுக் குழம்புக்குச் சொன்னார். அவர் மனைவி சிவசங்கரி அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பத்தேழு வரிசை புட்டாப் பூ முடித்துவிட்டுச் சாப்பிட எழுந்தவர், மறுபடி தறியில் உட்காரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததுதான்.

கடையில் கொடுத்து, தறியில் ஏற்றியிருந்த பாவு நூலில் அதுதான் கடைசிச் சேலை. இன்னும் முப்பத்துச் சொச்சம் வரிசை பாக்கி. காரியம் முடிந்த மறுநாள் சுதாகர் வந்து நின்றான்.

"இருக்கிற வரைக்கும் அறுத்துக் குடுத்துடுங்க அண்ணி. நீங்க உக்காந்தீங்கன்னா கை மாறுன இடத்துல கோடு விழும். எப்படியும் செகண்ட்ஸ்தான்."

"முழுசா நெய்ஞ்சு எடுத்தாரேன். பச்சை விழுந்தா அடுத்த பாவை என் பேருக்குக் குடுக்கச் சொல்லு" என்றாள் சிவசங்கரி.

"விழலன்னா?"

"தறியைப் பிரிச்சிடறேன்."

நெய்யத் தெரியாதவள் அல்ல, பிறந்த வீட்டிலேயே பழகியவள். ஆனால் பலகையை இழுத்து, குறுக்கே ஓடும் ஊடை நூலை நெருக்கும் அடி ஆளுக்கு ஆள் வேறு. முதல் நாள் நாலு விரற்கடை நெய்தாள். வெளிச்சத்தில் பார்த்தாள். குறுக்கே ஒரு கோடு, பளிச்சென்று. இழை இழையாகப் பிரித்தாள். அப்படி மூன்று தடவை.

அவருடைய அடி அடுப்படி வரைக்கும் கேட்கும். முதல் அடி கனமாக விழும், இரண்டாவது தொட்டதும் தொடாததுமாக. அவளுடைய அடியில் அந்தக் கனம் இல்லை. நாலாவது தடவை, வாசலில் நின்ற அவர் சைக்கிளிலிருந்து பூட்டைக் கழற்றி வந்து பலகையில் கட்டினாள். இழுத்து அடித்தாள். அந்தச் சத்தம் வந்தது.

தறிப் பக்கத்துச் சுவரில் அவர் அன்றாடம் முடித்த வரிசையை சாக்பீஸால் எழுதுவார். நாற்பத்தேழுக்குக் கீழே அவள் நாற்பத்தெட்டு என்று எழுதினாள்.

சேலையைக் கொண்டுபோன அன்று கடையில் கூட்டம் இல்லை. முதலாளி இருந்தார். சேலை கொடுக்க வந்த தனகோடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுதாகர் மஞ்சள் சீட்டை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தான்.

"கை மாறுன இடத்தை நீயே காட்டு தம்பி. காட்டிட்டா அந்த மஞ்சளை நானே ஒட்டிக்கிறேன்" என்றாள்.

சுதாகர் லென்ஸை எடுத்தான். விரித்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். கால் மணி நேரம் போனது.

"இன்னாப்பா, பேன் பாத்துகினு கீறியா? ஜல்தி சொல்லுப்பா" என்றார் தனகோடி.

"இதோ. இங்க அடி மாறுது பாருங்க முதலாளி."

முதலாளி முந்திப் பக்கத்திலிருந்து வரிசையை எண்ணினார். முப்பத்தொன்று.

சிவசங்கரி போனை எடுத்துச் சுவரின் படத்தைக் காட்டினாள். நாற்பத்தேழு வரை ஜெயவேலின் சாய்ந்த எழுத்து. முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில் 'பாப்பாவுக்கு வேலை' என்று எழுதியிருந்தார்.

"பொண்ணுக்கு வேலூர்ல நர்ஸ் வேலை கெடச்ச அன்னிக்கு நெய்ஞ்சது. பாடிகினே நெய்ஞ்சாரு. கொஞ்சம் ஓங்கிட்டாரு. அது அவரு கைதான் தம்பி."

சுதாகர் நம்பவில்லை. நாற்பத்தேழையும் நாற்பத்தெட்டையும் தேடி லென்ஸை வைத்தான். மூக்கு பட்டில் உரசும் அளவுக்குக் குனிந்தான். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"ஒன்னும் தெரியல முதலாளி" என்றான் மெதுவாக. பிறகு, விடாமல், "ஆனா முப்பத்தொன்னுல கோடு இருக்குதே."

"லென்ஸ் இல்லாம தெரியுதா?" என்றார் முதலாளி.

"தெரியல."

"கல்யாணத்துக்கு வரவங்க லென்ஸோடவா வருவாங்க? பதினஞ்சு வருஷமா அவன் கைக்கு நீதான பச்சை ஒட்டிகினு இருக்கே. ஒட்டு. அந்த அரக்கு பாவை எடுத்துக் குடு."

"யார் பேருக்கு முதலாளி?"

"எதுருல நிக்கறாங்களே, அவங்க பேருக்கு."

பச்சைச் சீட்டு ஒட்டி முடியும்வரை அவள் நகரவில்லை. ஓரம் தூக்கியிருந்த இடத்தைச் சுட்டி, "இன்னும் கொஞ்சம் அழுத்து தம்பி" என்றாள். அழுத்தினான்.

பாவைத் தோளில் போட்டுக்கொண்டு கடைவீதி நடுவே நடந்தாள். வேலூரிலிருந்து மகள் தேவிப்ரியா போன் செய்தாள்.

"இன்னா ஆச்சும்மா?"

"பாவு வாங்கிகினு வந்துகினு கீறேன். என் பேருல."

"சேலைக்கு?"

"பர்ஃபெக்ட்."

"அப்பா ஒத்துக்க மாட்டாரே."

"அவரு கெடக்கறாரு. அந்த சேலையில கோடு போட்டதே அவருதான்" என்றாள் சிவசங்கரி. வழிவிடாத ஆட்டோக்காரனைப் பார்த்து, "ஏம்ப்பா, பாவு வருது தெரியல? ஒதுங்கு" என்று குரல் கொடுத்தாள். ஒதுங்கினான்.