வழுக்காத தரை

என் வருங்கால மாமனார் அருணகிரி டைல்ஸ் கடை வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுத்தான் உள்ளே நுழைந்தார். முப்பது வருடமாகப் பட்டுச் சேலை வியாபாரம் பார்க்கிறவர். கடை என்றால் பாய் விரித்திருக்கும் என்று அவர் காலுக்கே பழகிவிட்டது போலிருக்கிறது. "செருப்போடயே வாங்க, கல்லுத் துண்டு குத்திடும்" என்று கடைக்காரர் தனக்கோடி சொல்லியும் கேட்கவில்லை. அவர் கழற்றியதால் நானும் கழற்றினேன். நான் கழற்றியதால் அம்மாவும் கழற்றினாள். வந்தவாசி ரோட்டில் அந்தத் தகரக் கொட்டகைக்கு முன்னால் மூன்று ஜோடிச் செருப்பைப் பார்த்தவர்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆவணியில் எனக்கும் அவர் மகள் காவ்யாவுக்கும் கல்யாணம். நிச்சயதார்த்தத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது காவ்யாவின் அத்தை கைகால் கழுவக் குளியலறைக்குப் போனாள். போனவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே திரும்பி வந்து அருணகிரியின் காதில் என்னவோ சொன்னாள். சிமென்ட் பெயர்ந்த தரை, பாசி பிடித்த சுவர், தாழ்ப்பாள் இல்லாத கதவு. அந்தக் கதவை அவள் ஒரு காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு கழுவியிருக்க வேண்டும். மறுநாளே அருணகிரி எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். "கட்டில், பீரோ எல்லாம் ஊரே குடுக்குது சம்மந்திம்மா. நான் எம் பொண்ணுக்கு பாத்ரூமையே சீரா குடுக்கறேன். எதுவும் பேசாதீங்க" என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா இறந்து ஆறு வருடத்தில் எங்கள் வீட்டுக்கு யாரும் எதையும் கொடுப்பதாகச் சொன்னதில்லை. ஆனால் அன்று எனக்கும் அம்மாவுக்கும் சோறு இறங்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலிப்பு வரும்.

பதினேழு வயதில் ஆரம்பித்தது. இப்போது இருபத்தெட்டு. மாத்திரை தவறாமல் போட்டால் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. முதல் தடவை வந்தது குளிக்கும்போதுதான். துணி துவைக்கிற கல்லின் விளிம்பில் மண்டை மோதி விழுந்து கிடந்தேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் கதவை உடைத்து வருவதற்குள் தண்ணீரெல்லாம் சிவப்பாகிவிட்டதாம். புருவத்து மேல் இருக்கிற தழும்பு அதுதான். கேட்கிறவர்களுக்குத் தறிக்கட்டை இடித்தது என்று சொல்வோம். வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர் அப்பாவிடம் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். கிணற்றில் இறங்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு குளிக்கக் கூடாது. சில நேரம் முழுதாக வராது. கை மட்டும் ஒரு வெட்டு வெட்டும், கண் சொருகும், நாலைந்து நொடி நான் அங்கே இருக்க மாட்டேன். அதுவும் வலிப்புதான் என்றார். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது புளியமரங்களுக்கு நடுவே வெயில் விட்டு விட்டு அடித்தால் எனக்கு அது வரும். அதனால் எந்த பஸ்ஸிலும் ஜன்னல் சீட்டை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்துவிடுவேன். நல்ல பையன் என்று பெயர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அம்மா ஸ்க்ரூவைக் கழற்றித் தாழ்ப்பாளைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். அன்றிலிருந்து நான் குளிக்கும்போது வெளியே கீரை ஆய்கிற சாக்கில் உட்கார்ந்துகொள்வாள். நான் சொம்பைச் சத்தமாக வைக்க வேண்டும், தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால் "டேய் ஹேமநாத்" என்பாள். "இருக்கேன்" என்பேன். இப்படிப் பதினோரு வருடம். சேலைக்கு டிசைன் வரைந்து சம்பாதிக்கிற ஆண்பிள்ளை, அம்மாவைக் காவல் வைத்துக்கொண்டு குளிக்கிறேன்.

"பொண்ணு வீட்ல சொல்லிடலாம்மா" என்று நான் மூன்று தடவை சொன்னேன். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நான் ஒண்ணுதாண்டா சொல்றேன்" என்றாள். இதற்கு முன் இரண்டு இடத்தில் உண்மையைச் சொல்லிப் பார்த்தவள்தான். ஒரு வீட்டில் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். இன்னொரு வீட்டில் அவர்கள் போனதோடு நிற்காமல் ஊரெல்லாம் சொன்னார்கள். அபிதகுசாம்பாள் மகனுக்குக் காக்கா வலிப்பு என்று செய்யாறு வரைக்கும் தெரிந்து, போளூர் பக்கம் பெண் தேடும்படி ஆகிவிட்டது. அதனால் அவளைக் கோபித்துக்கொள்ளவும் எனக்கு வாய் வரவில்லை.

கடைக்குள் அருணகிரி ஏற்கெனவே ஒரு ரோஸ் கலர் டைல்ஸைக் கையில் எடுத்துவிட்டார். கண்ணாடி மாதிரி இருந்தது. "மொகம் தெரியுது பாருங்க மாப்ளே, காலையில தலை சீவிக்கலாம்" என்று என் முன்னால் நீட்டினார். அதில் என் முகம் தெரிந்தது. நல்ல முகமாகத்தான் இருந்தது. அதில் தண்ணீரும் சோப்பு நுரையும் நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். கை வெட்டினால் பிடிக்க எதுவும் இல்லாமல் எந்தப் பக்கம் சாய்வேன், மண்டை எங்கே படும்? அப்போது வெளியே அம்மா உட்கார்ந்திருக்க முடியாது. மருமகள் வந்த வீட்டில், மகன் குளிக்கிற வாசலில் தாய் உட்கார்ந்திருந்தால் என்ன பேசுவார்கள்? காவ்யா அடுப்படியில் இருப்பாள். சத்தம் நின்றது அவளுக்குத் தெரியாது. சத்தம் நிற்கக் கூடாது என்பதே தெரியாது.

"இவ்ளோ வழவழன்னு வேணாங்க" என்றேன். "கொஞ்சம் சொரசொரப்பா எதனா..."

தனக்கோடி மூலையில் அடுக்கியிருந்த சாம்பல் நிற டைல்ஸைக் காட்டினார். ஒன்றைக் கையில் எடுத்துத் தடவினேன். உப்புக் காகிதம் மாதிரி பிடித்தது. எனக்கு அதைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "இது வண்டி நிறுத்தற எடத்துக்குப் போடறதுங்க. தண்ணி ஊத்தினாலும் வழுக்காது. இல்லாட்டி முட்டி வலிக்கிற கெழவனுங்க கேப்பாங்க" என்றார் அவர்.

"மாப்ளைக்கி இப்பவே முட்டி வலியா?" என்று அருணகிரி சிரித்தார். அவரைவிடச் சத்தமாக அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எங்களுக்குக் கடை முழுக்க, கேட்கிற ஒவ்வொரு கேள்வியிலும் பயம். கதவு எந்தப் பக்கம், மேடை எவ்வளவு உயரம், விளிம்பைக் கிரானைட்டில் கூராக வெட்டலாமா என்று அவர் தனக்கோடியைக் கேட்கக் கேட்க, அம்மா ஒவ்வொன்றுக்கும் "அதெல்லாம் எதுக்கு சம்மந்தி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"செலவ பாக்காதீங்கம்மா. ஜல்தியா முடிச்சிடலாம்" என்றவர், அந்த ரோஸ் டைல்ஸைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். "வெளிச்சத்துல பாக்காம சரக்கு எடுக்கறதா? வாங்க மாப்ளே."

பட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம்தான். நீள நூலான பாவு ஒரு நிறமும் குறுக்கு நூலான ஊடை ஒரு நிறமுமாக நெய்த சேலையை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய், இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்து, எந்த நிறம் எங்கே தூக்குகிறது என்று பார்ப்பார்கள். நானே ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். ஆனால் சேலை வெயிலைக் குடித்துக்கொள்ளும். அவர் அந்தப் பளபளப்பான டைல்ஸை இரண்டு கையிலும் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சேலையைப் போலவே சாய்த்தார். நிமிர்த்தினார். சாய்த்தார். பதினோரு மணி வெயில் நேராக என் கண்ணில் அடித்தது, போனது, அடித்தது, போனது. முகத்தைத் திருப்ப வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. திருப்பினால் ஏன் என்று கேட்பாரே என்றும் தோன்றியது. அந்த ஒரு யோசனைக்குள் நேரம் போய்விட்டது.

என் கையில் அந்தச் சாம்பல் டைல்ஸ் இருந்ததே எனக்கு மறந்திருந்தது. அது நாலு துண்டாகத் தரையில் கிடந்தபோதுதான் திரும்பி வந்தேன். அம்மா என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. வாய் மட்டும் தடங்கலில்லாமல் பேசிக்கொண்டிருந்தது.

"வெறும் வயிறுங்க. கிருத்திகை விரதம் இருக்கான். சொன்னா கேக்க மாட்டான்."

அருணகிரி என்னையே பார்த்தார். "கிருத்திகை போன திங்கக்கெழம போயிடுச்சே சம்மந்திம்மா?"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அம்மா கண்கூட இமைக்கவில்லை. "அன்னிக்கி தறி வேலைல விட்டுப்போச்சிங்க. அதுக்கு பதிலா இன்னிக்கி இருக்கான்" என்றாள்.

முருக பக்தரான மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம். என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, துண்டால் விசிறினார். உடைந்த டைல்ஸுக்குத் தனக்கோடி முனகியதை ஒரே பார்வையில் அடக்கினார். "வெயில்ல நிக்க வெச்சி பேஜார் பண்ணிட்டேன். கலர காவ்யாவே சொல்லட்டும்" என்று, தனக்கோடியின் மேசை மேல் இருந்த போனில் வீட்டு நம்பரைச் சுழற்றினார். "அம்மா காவ்யா, மாப்ளைகிட்ட குடுக்கறேன். எந்தக் கலர் வேணும்னு நீயே சொல்லிடு." ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு, "பேசுங்க மாப்ளே. விரதம்னாலும் கரும்புச்சாறு சாப்பிடலாம். எதிர்ல இருக்குது, நானே புடிச்சிகினு வரேன்" என்று ரோட்டில் இறங்கினார்.

அதுவரை நான் காவ்யாவுடன் பேசியது நிச்சயதார்த்தத்தில் ஒரே ஒரு வாக்கியம். பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா ரோஸ்தானே சொன்னாரு?" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது.

"ஆமாங்க."

"எங்க வீட்லயும் அதான். பாக்கதாங்க நல்லாருக்கும். நான் ரெண்டு வாட்டி வழுக்கி விழுந்துட்டேன். அப்பாகிட்ட சொல்லாதீங்க, வாங்கிக் குடுத்தவரு வருத்தப்படுவாரு. வேற எதனா இருக்குதா?"

"சொரசொரன்னு ஒண்ணு இருக்கு. சாம்பல் கலரு. அழகா இருக்காது."

"அதையே போடுங்க. நாந்தான் கேட்டேன்னு சொல்லிடுங்க."

இவ்வளவுதானா என்றிருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாவிடம் தலையசைத்தேன். அவள் தாலிக்கயிறு இல்லாத கழுத்தைத் தொட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். போனை வைத்துவிடு என்று கையால் காட்டினாள். வைத்திருக்கலாம். வைத்திருந்தால் ஆவணியில் கல்யாணம் நடந்திருக்கும்.

"கதவுக்கு மட்டும் நல்ல தாழ்ப்பாளா பாத்து போடுங்க" என்றாள் காவ்யா. "அத்தை சொன்னாங்க. எனக்கு அது ஒண்ணுதான் பயமா இருந்துச்சு."

பயம் என்று அவள் சொன்னாள். அவள் சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் ஒரு நாள் காலையில் இந்தப் பெண் மூடிய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே எதுவோ விழுந்த சத்தம் கேட்டு, என்ன என்றே தெரியாமல் தட்டிக்கொண்டிருப்பதை நான் அப்போது பார்த்துவிட்டேன். அப்பா கதவை உடைத்தார். இவள் கையில் என்ன பலம் இருக்கும்?

"தாழ்ப்பா வேணாங்க" என்றேன்.

"ஏங்க?"

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நைனா, வேணாம்" என்றாள்.

"எனக்கு வலிப்பு வருங்க" என்றேன். "பதினேழு வயசுலேருந்து. உள்ள தாழ் போட்டுகினு குளிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. உங்க வீட்ல யாருக்கும் தெரியாது."

தனக்கோடி பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கியவர், உடனே குனிந்துகொண்டார். அம்மாவின் கை மேசைக்குப் போனது. ரிசீவர் வைக்கிற இடத்தில் துருத்திக்கொண்டிருந்த வெள்ளைப் பொத்தானின் மேல் அவள் விரல் உட்கார்ந்தது. அமுக்கினால் லைன் போய்விடும். அமுக்கவில்லை. அமுக்காமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. விரல் பொத்தானைத் தொட்டுத் தொட்டு விட்டதில் போனில் கரகரவென்று சத்தம் வந்தது.

மறுமுனையில் காவ்யா வைக்கவில்லை. அவள் வீட்டில் ரேடியோவோ எதுவோ பாடிக்கொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள்.

"கடைசியா எப்ப வந்துச்சு?" என்றாள்.

குரலில் இப்போது சிரிப்பு இல்லை. கோபமா, பயமா, எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. அம்மா என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருந்தாள். போன வருடம் என்று சொல், ஐந்து வருடம் ஆயிற்று என்று சொல் என்பது போல.

"இப்பதாங்க" என்றேன். "கால் மணி நேரம் ஆவுது. உங்க அப்பா பக்கத்துல நின்னுகினு இருந்தாரு."

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அருணகிரி இரண்டு கையிலும் கரும்புச்சாறு டம்ளரோடு, வந்தவாசி பஸ் போகட்டும் என்று நின்றிருந்தார். பஸ் போனது. விளிம்பு வரை நிரம்பியிருந்த நுரையிலேயே கண்ணாக, ஒரு சொட்டும் சிந்தாமல், ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.