பிழையில்லாத அறிவிப்பு

மற்றவர்கள் இணையத்தில் போடப்போகும் பதிவுகளை முன்கூட்டியே வாங்கிப் படித்து, எழுத்துப்பிழையும் இலக்கணப்பிழையும் திருத்திக் கொடுப்பது என் வேலை. பள்ளிக்கூடம், பல் மருத்துவமனை, நாற்காலிக் கடை என்று யார் யாரோ எழுதி அனுப்புவார்கள். நாளொன்றுக்கு நூற்றைம்பது பதிவுகள், பதினாறு வருஷமாக. கண் போயிற்று, கழுத்து போயிற்று. ஊரைத் திட்டுவதற்கு வாய் மட்டும் மிச்சம் இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுத்துப் பார்க்கிறவன் எண்ணைத் தொடக்கூடாது. விலை, தேதி, தொலைபேசி எண் எல்லாம் அடுத்த நாற்காலிக்காரர் பொறுப்பு. அவரைக் கணக்குப்புலி என்போம். ஒருவரே இரண்டையும் பார்த்தால் இரண்டும் கெடும் என்பது முதலாளியின் கொள்கை. கணக்குப்புலிக்கு வாக்கியம் தலைகீழாக நின்றாலும் தெரியாது. எனக்கோ, படிக்கும்போது எண் வந்தால், தெருவில் தேங்கிய தண்ணீரைத் தாண்டுவதுபோல் கண் தானாகத் தாண்டிவிடும். நான் முடித்ததும் பக்கத்தில் தள்ளிவிடுவேன், அவர் பார்த்துக்கொள்வார். அலுவலகத்தில் இது நன்றாகவே நடந்தது.

வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. என் மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறாள். தைத்ததைப் படம் பிடித்து, கூடவே இரண்டு வரி எழுதிப் போடுவாள். நான் அதன் கீழேயே, நாலு பேர் பார்க்கத் திருத்தம் போடுவேன்.

"ஏங்க, கழுத்துப் பட்டை எப்படி வந்திருக்குன்னு பார்த்தீங்களா?" என்பாள்.

"ரெண்டாவது வரியில றகரம் தப்பு."

"வாத்தியாரே, என் தையல்ல ஒரு தப்பு காட்டுங்க, அப்புறம் பேசலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் போகப்போக எழுதுவதை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் போட ஆரம்பித்தாள். பிழை குறைந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

அவளுடைய அம்மா எங்களோடு இருக்கிறார். எனக்கு அத்தை. இரண்டு வருஷமாக மறதி நோய். மகளையே சில நாள் "நீ யாரும்மா, நல்லா தைக்கிறியே" என்று கேட்பார். வாசல் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தோம். போன ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு, நூல்கண்டு கொண்டுவந்தவருக்குக் கதவைத் திறந்துவிட்டு யாரோ தாழ்ப்பாளை மறந்தோம். யாரோ என்ன, நான்தான். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் அத்தையின் கட்டில் காலி. செருப்பு வாசலிலேயே கிடந்தது.

நான் ஒரு தெரு, அவள் ஒரு தெரு என்று ஓடினோம். மருந்துக்கடை, பூங்கா, சந்தை, எங்கும் இல்லை. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சொல்கிறோம் என்றார்கள். வெளியே வந்ததும் அவள் நடந்துகொண்டே கைப்பேசியில் எதையோ அடித்து, வாட்ஸாப்பில் தெருக்காரர்கள் குழுவுக்கு அனுப்பினாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"எங்க அம்மாவ கானோம் பச்ச சேல செருப்பு இல்ல யேதும் ஞாபகம் இருக்காது பாத்தா புடிச்சி உக்கார வைங்க தண்ணி குடுங்க" என்றிருந்தது. கீழே அவள் எண்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த நேரத்தில் எரிய வேண்டியது அதற்காக இல்லை, தெரியும். ஆனாலும் எரிந்தது.

"அழி அதை."

"என்னங்க சொல்றீங்க?"

"இப்படித் தப்பும் தவறுமா போட்டா எவன் மதிப்பான்? ஏமாத்து வேலைன்னு நினைச்சுத் தள்ளிட்டுப் போவான். அழி, நான் ஒழுங்கா எழுதித் தரேன்."

அவளுக்கு எதிர்த்துப் பேசத் தெம்பு இல்லை. அழித்தாள். சாத்தியிருந்த ஒரு கடைப் படியில் நான் உட்கார்ந்தேன். 'சுமார்' என்று போட்டபின் 'அளவில்' என்றும் வேண்டுமா என்று யோசித்தேன். 'காணவில்லை' தனி வரியில் நிற்கட்டும் என்று முடிவு செய்தேன். வெயிலில் நின்றுகொண்டு அவள் என்னையே பார்த்தாள். "ஆச்சா? ஆச்சா?" என்று மூன்று தடவை கேட்டாள். "கொஞ்சம் இரு" என்று மூன்று தடவையும் சொன்னேன். இருபது நிமிஷம் ஆனது. கடைசியில் அவள் எண்ணைப் போட்டேன். பார்த்துப் போடவில்லை. கட்டின மனைவியின் எண் எனக்குத் தெரியாதா? படத்தோடு சேர்த்து இருபத்திரண்டு குழுக்களுக்கு அனுப்பினேன். அப்போது மணி ஒன்று. ஒரு பிழை கிடையாது. அந்தக் கலவரத்திலும் உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அறிவிப்பு தீயாகப் பரவியது. அது எங்கெங்கோ சுற்றி எங்கள் சொந்தக்காரர் குழுவுக்கே திரும்பி வந்தது. ஆனால் அவள் கைப்பேசி அடிக்கவே இல்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள். சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தாள். என்னை ஒரு தடவை அடிக்கச் சொன்னாள். கைப்பேசியில் அவள் பெயரைத் தொட்டேன், அடித்தது. 'இவ்வளவு பேர் வாழுற ஊர்ல ஒருத்தர் கண்ணுலகூடவா எங்கம்மா படல?' என்று தெரு நடுவே நின்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நடந்து நடந்து கால் மரத்துப்போய், இரண்டு பேரும் அலைந்தோம்.

ஐந்து மணிக்கு அவள் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. ஊரின் மறுகோடியில் இருக்கும் பஸ் டிப்போவின் காவலாளி.

போய்ச் சேர்ந்தபோது அத்தை காவலாளியின் அறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாலரைக்குத்தாங்க நான் டூட்டிக்கு வந்தேன்," என்றார் காவலாளி. "வெளியில கொதிக்கிற வெயில்ல தரையில உக்காந்திருந்தாங்க. இந்தப் படம் குழுவுல வந்தது ஞாபகம் இருந்துச்சு. உடனே கூப்பிட்டேன். ஒரு அம்மா எடுத்து, நம்பர் தப்புன்னு சொன்னாங்க. அப்புறம் தேடினா, எங்க காவலாளிங்க குழுவுல இன்னொண்ணு கிடந்துச்சு. அதுல அடிச்சேன், நீங்க எடுத்தீங்க."

இரண்டையும் காட்டினார். படத்தோடு இருந்தது என்னுடையது. இன்னொன்று மனைவி எழுதியது. அவள் அழிப்பதற்குள் தெருக்காரர் யாரோ வேறு குழுவுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். நான் இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அவள் எண் நாற்பத்தேழில் முடியும். நான் எழுபத்துநான்கு என்று போட்டிருந்தேன். அனுப்பும் முன் நான் நாலு தடவை படித்தேன், நாலு தடவையும் கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. வீட்டில் அடுத்த நாற்காலியில் யாரும் கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மனைவியும் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, அம்மாவைப் படுக்க வைத்து, காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"கடுகு போன இடத்தை ஆராய்வான், பூசணிக்காய் போன இடம் தெரியாதுன்னு சொல்லுவாங்க. நான் அதை ஜோக்குன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"நம்பர்தான்... அவசரத்துல..."

"அவசரமா? இருபது நிமிஷம் உக்காந்து எழுதினீங்க. நான் அவசரத்துலதான் எழுதினேன். அதைத்தான் அழிக்கச் சொன்னீங்க."

பின்கட்டுக்குப் போய் நின்றேன். குழு குழுவாக, 'கிடைத்துவிட்டார், நன்றி' என்று அனுப்பிக்கொண்டு வந்தேன். அப்போதுதான், அந்த எழுபத்துநான்கு எண்ணுக்குச் சொந்தக்காரரை இன்னும் எத்தனை பேர் தொல்லை செய்வார்களோ என்ற நினைப்பு வந்தது. ஒரு மன்னிப்பாவது கேட்போம் என்று கூப்பிட்டேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தேன். அன்றைக்கு யாராவது திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

வயதான பெண் குரல். நான் பாதி சொல்வதற்குள், "அந்தம்மா கிடைச்சாங்களா?" என்றது.

"கிடைச்சிட்டாங்கம்மா."

"அப்பாடா!" என்று ஒரு நீண்ட மூச்சு. "மத்தியானத்துலேர்ந்து சோறு இறங்கல எனக்கு. மொதல்ல ஒண்ணும் புரியல தம்பி. என் போன்ல பேச மட்டும்தான் முடியும், படமெல்லாம் வராது. கூப்பிட்டவங்ககிட்ட கேட்டுக் கேட்டுத்தான் விஷயமே தெரிஞ்சுது. வீட்டுக்காரங்க எப்படியும் கூப்பிடுவாங்கன்னு, ஒவ்வொருத்தர் சொன்னதையும் எழுதி வச்சிருக்கேன். எனக்கு எழுத்து சரியா வராது, கோணல்மாணலா இருக்கு. படிக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அத்தைதான் கிடைத்துவிட்டாரே. ஆனால் அவர் அதற்குள் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணு பத்து. பஸ் டிப்போ வாசல்ல இருக்காங்க. ஒண்ணே முக்கால். அதே எடம். கால்ல செருப்பு இல்ல, சூடு தாங்காம காலை மாத்தி மாத்தி வைக்கிறாங்க. ரெண்டரை. மகளைக் கூப்பிட்டு அழறாங்க. யாருமே வரலையான்னு கேக்கறாங்க..."

ஒன்று பத்து. நான் அனுப்பிய பத்தாவது நிமிஷம்.

"யாருங்க போன்ல?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

ராங் நம்பர் என்று சொல்லிவிட்டால் போதும். அவளுக்கு என்றைக்குமே தெரியவராது. நான் உள்ளே போய், கட்டிலின் ஓரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

"மொதல்லேர்ந்து இன்னொரு தடவை படிங்கம்மா," என்றேன். "இவங்கதான் அந்த மகள்."