பெயர் வெட்டிய கேரியர்

பெரம்பலூர் துறையூர் ரோட்டில், இளையபெருமாள் கட்டடத்தின் கடைசி அறைதான் அரியமுத்துவின் கடை. ஓர் அடுப்பு, ஓர் இரும்புச் சட்டி, வாழை இலைக் கட்டு, பழைய பேப்பர், நூல்கண்டு. சவூதிக்குக் கட்டட வேலைக்குப் போனபோது கூடத் தங்கியிருந்த தாய்லாந்துக்காரர்களிடம் கற்றுக்கொண்டு வந்த சமையல் அது. கொத்திய கோழிக்கறியைப் பூண்டு, பச்சைமிளகாயோடு வதக்குவான். அவர்கள் ஊற்றும் புளிக்கவைத்த மீன் சாறு இங்கே ஏது? நெத்திலிக் கருவாடு வேகவைத்த தண்ணீரை ஊற்றி, இறக்கும்போது ஒரு கை பச்சிலை போடுவான். லப்பைக்குடிக்காட்டு பாய்மார்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே இங்கே வந்துதான் பார்சல் வாங்குவார்கள்.

உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. "பெஞ்சு கிஞ்சு போடக்கூடாது, பார்சல் மட்டுந்தான்" என்று சொல்லித்தான் இளையபெருமாள் வாடகைக்கு விட்டார். ரோட்டுக்கு இடைஞ்சலாம். பக்கத்து டீக்கடையும் அவர் கட்டடந்தான். அங்கே மூன்று பெஞ்சு கிடந்தது. அரியமுத்து தெற்குத்தெருக் காலனி ஆள்; அவன் கடைவாசலில் ஊரார் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, அதுதான் சங்கதி. அரியமுத்துவின் மனைவி அம்சவள்ளிக்கு அது அன்றைக்கே புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இளையபெருமாளே வந்தார். வாசலில் ஏழெட்டுப் பேர் பார்சலுக்கு நின்றிருந்தார்கள்.

"அரியமுத்து, மாசக் கடைசியில கடையக் காலி பண்ணிடு. கோழியில துளசியப் போடுறீங்களாமே? பெருமாளுக்குச் சாத்துற இலை. இந்த அநியாயம் எங்கட்டடத்துல நடக்கக்கூடாது."

அம்சவள்ளி ஒரு கொத்தை எடுத்து நீட்டினாள்.

"துளசி இல்லீங்க. திருநீத்துப் பச்சிலை. எங்க வூட்டுக் கொல்லையில வெளஞ்சது. மோந்து பாருங்க."

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "உங்க கைபட்டத நான் ஏன் மோந்து பாக்கணும்? எவன் திங்கிறான் இத?"

"வுடு புள்ள" என்றான் அரியமுத்து.

அவளால் விட முடியவில்லை. ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் இவருடைய பண்ணையாள் முத்துசாமி நாலடுக்குக் கேரியரோடு வந்து நிற்கிறான். யாரோ பேங்க் ஆபீசருக்கு என்பான். சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்பது ஊர் வழக்கம். அந்தக் கேரியரிலும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. இவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெஞ்சு போடக்கூடாது என்றதை விட அதுதான் அவளுக்கு எரிந்தது.

அன்றைய கேரியர் நிரம்பி அடுப்போரம் இருந்தது. முத்துசாமி சைக்கிளுக்குப் பின்னால் பதுங்கினான். அவள் கேரியரைத் தூக்கி முன்பலகையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"சி. இளையபெருமாள், பெரம்பலூர்."

பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"பச்சிலை ரெண்டு கை கூடப் போடச் சொல்லி வாரா வாரம் வருது. அப்பல்லாம் அது துளசியாத் தெரியலீங்களா?"

பார்சலுக்கு நின்ற பஸ் கண்டக்டர் காசிநாதன், "ஆறிடப் போவுது, எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றார். வாசலே சிரித்தது. இளையபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். முத்துசாமி கேரியரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

அதற்குப் பிறகு காலி பண்ணும் பேச்சே இல்லை. அடுத்த ஞாயிறு முத்துசாமி மறுபடி வந்தான்.

"பேங்க் ஆபீசருக்கு" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அதே கேரியர். பெயர் இருந்த இடத்தை அரத்தால் ராவியிருந்தார்கள். புதுத் தகரம் போலப் பளபளத்தது.

அம்சவள்ளி அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். தன் மாமனார் கொடுத்த சீர்ப் பாத்திரத்தில் வெட்டிய பெயரைக்கூட அழிப்பாராம் இளையபெருமாள். இவள் கைச்சோறு வேண்டும். அது தனக்குத்தான் என்று மட்டும் ஊருக்குத் தெரியக்கூடாதாம்.

வெறும் கேரியரை அவன் கையிலேயே கொடுத்தாள்.

"இனிமே கேரியர்ல போடுறதில்லண்ணே. வேணுங்கிறவங்க இங்க வந்து உக்காந்து சாப்புடட்டும்."

"எங்க உக்கார்றது?" என்றான் முத்துசாமி, பாவம்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அரியமுத்து அடுப்பைத் தணித்துவிட்டு, வீட்டில் கிடந்த பெஞ்சைத் தூக்கிவரக் கிளம்பினான்.