மூச்சு வாங்கும் ஒரு நிமிடம்

என் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பயிற்சி வண்டியில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் எங்கே போக நினைத்தாலும் இவர் மிதித்தால் வண்டி நின்றுவிடும். வீட்டிலும் அப்படி ஒரு பிரேக் வைத்திருக்கிறார், வாயில். நான் பேச ஆரம்பித்து எழுவாயைத் தாண்டுவதற்குள் பயனிலையை அவரே போட்டு வாக்கியத்தை முடித்துவிடுவார். தப்பாக முடித்திருந்தாலும் கவலையில்லை, அதற்குப் பதிலும் அவரே சொல்லிவிடுவார். எங்கள் மகன் வெளியூரில் படிக்கப் போய்த் தப்பித்துவிட்டான்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்கிறேன். அங்கே எல்லோரும் சொன்ன பேச்சைக் கேட்கிறார்கள். யார் உண்மையிலேயே மூச்சைப் பிடித்திருக்கிறார்கள், யார் கன்னத்தை மட்டும் உப்பிக்கொண்டு ஏமாற்றுகிறார்கள் என்பது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே எனக்குத் தெரியும்.

எங்கள் ஆஸ்பத்திரி வேறொரு ஊரில் புதுக் கிளை திறக்கிறது. அங்கே ஸ்கேன் பிரிவு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் எழுதிக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். எனக்குப் போக ஆசை. கொள்ளை ஆசை. அதற்கு இவருடைய அனுமதி தேவையில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருப்பவரிடம், என் வாழ்க்கையின் பெரிய சேதியை நானே ஒரு தடவை முழுதாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"ஆஸ்பத்திரியில என்னை..." என்று ஒருநாள் ஆரம்பித்தேன்.

"திட்டிட்டாங்களா? நீ ரொம்ப எடம் கொடுக்குற. நானா இருந்தா..." என்று போனது பேச்சு. தூங்கும்வரை என் இடத்தில் அவர்தான் இருந்தார்.

இன்னொரு நாள், "புதுசா ஒரு ஊர்ல..." என்றேன்.

"டூரா? முட்டிவலியோட உனக்கு எதுக்கு டூர்?"

அப்புறம் சாப்பிடும்போது, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

"உப்பு கம்மி, அதானே? பரவால்ல, நான் ஒண்ணும் நினைச்சுக்கல."

ஒரு சீட்டில் எழுதி வைத்துவிடேன் என்று கூட வேலை பார்க்கும் நர்ஸ் யோசனை சொன்னாள். சீட்டு எழுதி வைப்பது ஓடிப்போகிறவர்கள் செய்கிற காரியம். நான் ஓடிப்போகவில்லை, வேலைக்குப் போகிறேன்.

இந்த நேரம் பார்த்து இவருடைய தொப்பையைப் பற்றி டாக்டர் நாலு வார்த்தை சொன்னார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசைக்காவிட்டால் ஆபத்து என்றார். முதலில் நடைப்பயிற்சி. வழியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் நின்று நின்று பேசியதில், இவர் நடந்ததைவிட அவர்கள் நின்றதுதான் அதிகம். தெருவில் ஆட்கள் நடைப்பயிற்சி நேரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

பிறகு இவரிடம் கார் பழகுகிறவர் ஒருவர் மாட்டினார். குத்துச்சண்டை கோச். ரிங்கில் எத்தனையோ பேரைச் சாய்த்தவர், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கைகால் உதறும். "சார், ஒரு பஞ்சிங் பேக் மாட்டுங்க. யார் மேலயும் கை வைக்க வேண்டாம், பையை மட்டும் அடிச்சா போதும், உடம்பு தானா எறங்கும்," என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து எங்கள் கார் ஷெட்டின் இரும்பு உத்தரத்தில் சங்கிலி போட்டு, என் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பையைத் தொங்கவிட்டார்.

கைக்குச் சுற்றிக்கொள்ளும் பட்டைத் துணியையும் கையுறையையும் கோச் தன் தோள்பையிலிருந்து எடுப்பதற்குள், குத்துச்சண்டையின் அடிப்படை என்ன என்று கோச்சுக்கே இவர் வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டார். விளக்கத்தின் நடுவில், உதாரணத்துக்கு என்று வெறுங்கையால் பையில் ஒரு குத்து விட்டார். பை அசையவில்லை. இவர் மணிக்கட்டு மடங்கியது. ஐந்தாறு நொடி முகத்தில் ஈயாடவில்லை.

"அதுக்குத்தான் சார் இந்தத் துணி," என்று கோச் கோபமே இல்லாமல் சுற்றிவிட்டார். "மணிக்கட்டு வளையக் கூடாது. இடது கால் முன்னால, வலது குதிகால் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும். தாடையை எறக்குங்க. பையைத் தள்ளாதீங்க, அடிச்சுட்டுக் கையை உடனே முகத்துக்குக் கொண்டுவாங்க. ஒவ்வொரு அடிக்கும் மூச்சை வெளிய விடணும். மூணு நிமிஷம் ஒரு ரவுண்டு, ஒரு நிமிஷம் ரெஸ்ட்."

"மூணு நிமிஷம்தானா? நான் காலேஜ்ல..."

"அடிங்க சார்."

போனில் வைத்திருந்த டைமர் மணி அடித்தது. முதல் நிமிடம் காட்டுமிராண்டித்தனமாக அடித்தார். இரண்டாவது நிமிடம் பை இவரை அடித்தது. மூன்றாவதில் இவரும் பையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி மணி அடித்தபோது முட்டியில் கையை ஊன்றிக் குனிந்தார். வாய் திறந்தது. காற்று வந்தது, போனது. வார்த்தை மட்டும் வரவில்லை.

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவுவார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். அடடா, ஒரு முழு நிமிடம் காலியாகக் கிடக்கிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுநாள் காலையிலிருந்து பையைப் பிடிக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பை ஆடாமல் இருக்கப் பின்னால் நின்று இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்க வேண்டும். என் முகம் அவருக்குத் தெரியாது. பேசுவதற்கு அது இன்னும் வசதி.

கிடைத்த நிமிடங்களை உருப்படியாகச் செலவழித்தேனா? இல்லை. பஞ்சத்தில் அடிபட்டவளுக்குப் பந்தியில் இடம் கிடைத்த மாதிரி கையில் பட்டதையெல்லாம் அள்ளினேன். குளியலறைக் குழாய் ஒழுகுவது, அதைச் சரிபார்க்க நீங்கள் கூட்டிவந்த நண்பர் குழாய் ரிப்பேர்காரரே இல்லை என்பது, உங்கள் தங்கை என் பட்டுப்புடவையை வாங்கிப்போய் இன்னும் தரவில்லை என்பது, நீங்கள் சொல்லும் அந்த லாரி ஜோக் முதல் தடவையே சிரிப்பு வரவில்லை என்பது. இவர் ஒவ்வொன்றுக்கும் கையுறையைத் தூக்குவார், ஆட்சேபணை என்று. மூச்சு கிடைப்பதற்குள் அடுத்த ரவுண்டு மணி அடித்துவிடும். ஒரு வாரம் முழுக்கச் சில்லறைப் புகார்களிலேயே போனது. எவ்வளவு இன்பமான வாரம்!

"என் வீட்டம்மா விடியறதுக்கு முன்னாடி எழுப்பி விட்டுடறா. என் உயிர் மேல அப்படி ஒரு அக்கறை," என்று டிரைவிங் ஸ்கூலில் பீற்றிக்கொண்டாராம்.

இதில் ஒரு விஷயத்தை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். உடற்பயிற்சி செய்தால் உடம்பு தேறும். மூன்றாவது வாரம் பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். அடி பையில் 'தட்' என்று சுருக்கமாக விழ ஆரம்பித்தது. மணி அடித்தபின் முழு நிமிடமும் குனிந்து கிடந்தவர், அரை நிமிடத்தில் நிமிர்ந்தார். அப்புறம் அதுவும் குறைந்தது. ஒருநாள் நான் "அந்தக் குழாய்..." என்று தொடங்கியதுமே "வாஷர் போயிருக்கும்," என்றார். ஊரெல்லாம் புருஷன் உடம்பு தேற வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். நான் ஒருத்திதான் தேறாதே, தேறாதே என்று பைக்குப் பின்னால் நின்று முனகிக்கொண்டிருந்தேன்.

கோச்சுக்குப் போன் போட்டேன். "இன்னும் கடுமையா ஏதாவது குடுங்க. பேச்சு மூச்சு இல்லாம ஆகணும்."

"கடைசி அரை நிமிஷம் நிறுத்தாம அடிக்கச் சொல்லுங்கம்மா. உங்கள மாதிரி அக்கறை எல்லா வீட்லயும் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்," என்று அவர் உருகினார்.

அரை நிமிட அடைமழை வேலை செய்தது. நாக்கு தள்ளிப்போய்ச் சுவரில் சாய்ந்தார். இனிச் சில்லறை கிடையாது என்று நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"எனக்கு வேற ஊர்ல வேலை போட்டிருக்காங்க. புதுக் கிளை. போறதுன்னா அடுத்த மாசம்..."

அதற்குள் அவருக்கு மூச்சு திரும்பிவிட்டது.

"டிரான்ஸ்ஃபரா? யார் வேலை இது? உன் மேல யாருக்கோ காண்டு. நீ ஒண்ணும் கவலைப்படாத. உங்க சீஃப் டாக்டர் பொண்ணுக்கு நான்தான் கார் கத்துக் குடுத்தேன். நாளைக்கே போய் அவரைப் பார்த்து இதை ரத்து பண்ணிட்டு வர்றேன்!"

"அது இல்லங்க, நான்தான்..."

"நீ வாயே திறக்காத. நான் பேசுறேன்."

சொன்னால் செய்கிற ஆள். டாக்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் மனைவி பாவம் என்று ஆரம்பிப்பார். நான் கேட்டு வாங்கியதை, பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்தவள் மாதிரி என்னை ஆக்கிவிடுவார். அன்று ராத்திரி கண்ணைக்கூட மூடவில்லை நான். பக்கத்தில் அவர் குறட்டையிலும் யாருக்கோ யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

காலையில் ஷெட்டுக்கு வரும்போதே இஸ்திரி போட்ட சட்டையைக் கதவில் மாட்டியிருந்தார், டாக்டரைப் பார்க்கப் போவதற்கு. நான் பையை அணைத்துப் பிடித்தேன். அந்த மூன்று நிமிடமும் நன்றாகவே அடித்தார். அடி ஒவ்வொன்றும் பையைத் தாண்டி என் விலா எலும்பில் இறங்கியது. மணி அடித்தது. முகத்தைப் பையில் வைத்தபடியே கொட்டினேன்.

"யாரும் என்னை மாத்தல. நானா கேட்டேன். எழுதிக் கேட்டேன். இத்தனை வருஷமா அடுத்தவங்க நெஞ்சைப் படம் பிடிச்சுக் குடுத்துட்டு, டாக்டருங்க சொல்றதைக் கேட்டுட்டு நிக்கிறேன். அங்க ஒரு பிரிவே என் பொறுப்பு. பத்துப் பேர் என்கிட்ட வேலை பார்ப்பாங்க. எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்க போய் ரத்து பண்ணினா, செத்தாலும் உங்களை மன்னிக்க மாட்டேன்."

எட்டிப் பார்த்தேன். குனிந்து, வாயைப் பிளந்து, ஹா ஹா என்று இரைத்துக்கொண்டிருந்தார். தோள் ஏறி இறங்கியது. ஆனால் கழுத்தெலும்புக் குழி அசையவே இல்லை, விலா விரியவில்லை, மூக்கும் சும்மா இருந்தது. வடிகட்டின நடிப்பு. மனுஷருக்கு மூச்சு எப்போதோ திரும்பிவிட்டிருந்தது.

அடுத்த ரவுண்டு மணி அடித்தது. அவர் பையிடம் வரவில்லை. அலமாரியில் இருந்த போனிடம் போய் நிறுத்தப் பார்த்தார். கையுறையோடு முடியவில்லை. இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, குனிந்து மூக்கால் அழுத்தி அணைத்தார். திரும்பி வந்து பழைய இடத்திலேயே முட்டியில் கையை ஊன்றி, விட்ட இடத்திலிருந்து இரைக்கத் தொடங்கினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது.

"போதும், நடிக்காதீங்க. பேசுங்க," என்றேன்.

"இல்ல, இன்னும் மூச்சு வாங்குது, சொல்ல வேண்டியது ஏதாவது மிச்சம் இருந்தா அதையும் சொல்லிடு, நான் எங்கயும் போகல," என்றார், எங்கேயும் மூச்சு வாங்காமல்.

மிச்சம் இருந்தது. பையை விட்டுவிட்டு அவருக்கு முன்னால் வந்து நின்றேன்.

"நீங்க வரலன்னாலும் நான் போவேன். ஆனா நீங்க வரணும்."

வாயைத் திறந்தார். நாக்கு நுனிவரை என்னவோ வந்தது, பார்த்தேன். அதை விழுங்கிவிட்டு, நான் இன்னும் ஏதாவது சொல்வேனா என்று முகத்தைப் பார்த்தபடியே நின்றார்.