வாரத்தில் ஒரு பின்னல்

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேறு; எனினும் தெருவில் அனைவருக்கும் அவர் கறாரக்காதான். வாசலில் செருப்புகள் கோடு பிடித்தாற்போல் நிற்க வேண்டும். கழுவி வைத்த பாத்திரத்தையும் மீண்டும் ஒருமுறை கழுவிவிட்டே அடுப்பில் ஏற்றுவார். சீருடை தைக்கும் தொழிற்கூடத்திலும், தம் இயந்திரத்தைத் துடைக்காமல் அவர் மிதியில் கால் வைத்ததில்லை. "நம்ம வீட்டுக்குள்ள தூசி வரணும்னாகூட மனு குடுத்துட்டுத்தான் வரணும்," என்பார் பேருந்து ஓட்டுநரான அவர் கணவர்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பெற்றோருடன் இருக்க இயலாத குழந்தைகளைச் சிறிது காலம் வளர்த்துத் தரும் பொறுப்பை நலத்துறை அலுவலகத்தின் வழியாக ஏற்றிருந்தனர். முன்னர் வந்தவர்கள் தத்தம் வீடு திரும்பிவிட்டனர். இப்போது வந்திருந்தவள் ஏழு வயதுச் சிறுமி. அவளுடைய தாய் ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை செய்பவர். துணைக்கு ஆளில்லாமையால் மகளை வீட்டினுள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குச் சென்றுவந்தார். ஒரு நாள் அடுப்பிலிருந்து தீப் பற்றிற்று. அக்கம்பக்கத்தார் பூட்டை உடைத்தனர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தக்க ஏற்பாட்டைச் செய்துகொண்டால் மகளைத் திரும்பப் பெறலாம் என்று தாயிடம் கூறப்பட்டிருந்தது.

தொடக்கத்தில் பெரும்பாடாக இருந்தது. எந்தக் கதவைச் சாத்தினாலும் சிறுமி அலறுவாள். படுக்கையை நனைப்பாள். கேட்டதற்கெல்லாம் தோளைக் குலுக்குவாள். கறாரக்கா கதவுகளைத் திறந்தே வைக்கப் பழகினார். தூசி மனுவின்றியே வந்து போயிற்று. நாளடைவில், வேலைக்குக் கிளம்பும் ஓட்டுநரின் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்து அனுப்பும் வேலையைச் சிறுமி தானே எடுத்துக்கொண்டாள். அவர் அவளுக்கு மேனேஜர் என்று பெயர் சூட்டினார். ஒரு மாலை அவள் வந்து கறாரக்காவின் மடியில் தலை சாய்த்தாள். இவள் இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்ற ஆசை அன்று அவர் நெஞ்சில் புகுந்தது. அதனை அவர் வாய்விட்டுக் கூறவில்லை.

சனிக்கிழமைதோறும் அலுவலகத்தின் சந்திப்பறையில் தாயும் மகளும் ஒரு மணி நேரம் சேர்ந்திருப்பர். பிளாஸ்டிக் நாற்காலியில் தாய் அமர, காலடியில் மகள் அமர்வாள். தாய் அவளது நீண்ட கூந்தலை அவிழ்த்து, சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போடுவார். அதிகப் பேச்சு இராது. பின்னி முடிக்கும்போது நேரமும் முடிந்திருக்கும்.

பள்ளியில் பேன் பரவியது. கறாரக்கா சில நாள் ஈர்கொல்லிச் சீப்பால் வாரிப் பார்த்தார். பின்னர்ப் பொறுமை இழந்து, முடிதிருத்தும் கடைக்கு அழைத்துச் சென்று காதளவாக வெட்டுவித்தார். எவரையும் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை தாயின் கை வழக்கம்போல் மகளின் முதுகுப்பக்கம் சென்று, அங்கே ஒன்றுமில்லாமல் நின்றது.

"யாரைக் கேட்டு வெட்டுனீங்க?"

"பேன்மா. சொறிஞ்சு சொறிஞ்சு தலையெல்லாம் புண்ணாயிடுச்சு. முடிதானே, வளந்துடும்," என்றார் கறாரக்கா.

தாய் சீப்பைப் பைக்குள் வைத்தார். "சோறு நீங்க போடுறீங்க. பள்ளிக்கூடத்துக்கு நீங்க அனுப்புறீங்க. எனக்குன்னு இந்தத் தலை ஒண்ணுதாங்க இருந்துச்சு."

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. படுக்கை மறுபடியும் நனையத் தொடங்கிற்று. பொத்தான் பார்க்கும்போது மேனேஜர் ஓட்டுநரிடம் மெல்லக் கேட்டாள்: "முடி வளர்ற வரைக்கும் அம்மா வரமாட்டாங்களா?"

நலத்துறைப் பெண் அலுவலர் கறாரக்காவை அழைத்துப் பேசினார். தாயின் சம்மதமின்றி முடியை வெட்டியது தவறு என்றும், வளர்ப்புப் பெற்றோருக்கான பயிற்சியிலேயே இதைச் சொல்லியிருந்ததாகவும் முதலில் கண்டித்தார். பின்னர்க் குரலைத் தாழ்த்தினார். தாய் இப்படியே வராதிருந்தால், பிள்ளை நிரந்தரமாக இவர்களிடமே இருக்கலாம் என்று நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்க இயலுமாம். "உங்க மனசு எனக்குத் தெரியும்க்கா. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டுக் கறாரக்கா வீடு திரும்பினார். கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நீ சும்மா இருந்தாலே பிள்ளை நமக்குத்தான். ஆனா சும்மா இருக்கறதுதான் உனக்கு வராதே," என்றார்.

கறாரக்கா சிரிக்கவில்லை. வர மனமின்றி அந்தத் தாய் நின்றுவிடவில்லை. வந்து செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நின்றுவிட்டார் என்பது அவருக்குப் புரிந்தது. தினமும் கைநிறைய வேலையுள்ள பெண்ணுக்கு அது விளங்க இத்தனை நாள் ஆயிற்று.

மறுநாள் தொழிற்கூடத்து இடைவேளையில் அலுவலரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அந்த அம்மாவை நானே போய்ப் பார்த்து மன்னிப்புக் கேக்கறேன். சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வரட்டும், நீங்க அனுமதி மட்டும் குடுங்க. தலைக்குக் குளிப்பாட்டறது, நகம் வெட்டறது, துணி மாத்தறது எல்லாம் அவங்க செய்யட்டும். அன்னைக்கு நான் தொடமாட்டேன்."

அலுவலர் எச்சரித்தார்: "அப்புறம் பிள்ளை அவங்ககிட்டயே போயிடும்க்கா."

"தெரியும்மா," என்றார் கறாரக்கா. "அவங்க வரட்டும்."