நாலால் வகுத்தவன்

1.

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. மருந்தாளுநர் தேர்வுக்கான கையேடு ஒன்றை வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் எழுதியவன் நான். அதில் நாற்பத்தேழாம் கேள்வி: ஐந்நூறு மில்லி குளுக்கோஸ் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? நான் கொடுத்த விடை முப்பத்தொன்று. நம்மூரில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய்க்கு, அதாவது ட்ரிப் செட்டுக்கு, அது தப்பு. என் மேல் எனக்கே வந்த ஆத்திரத்தில் எழுதுகிறேன், அழகாக இருக்காது.

2.

முதல் தொடக்கம்: கும்மிடிப்பூண்டிப் புகைபோக்கிகளுக்கு மேலே சூரியன் மெல்ல

அடச்சே. சூரியனாம், மண்ணாங்கட்டி.

இரண்டாவது: மோனிகா, இருபத்து மூன்று வயது, கடம்பத்தூர்க்காரி. மருந்தாளுநர் படிப்பை முடித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றபடி பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறாள். தேர்வாய் கண்டிகையில் இன்னொரு தொழிற்சாலையின் மருந்தகத்துக்கு ஒரே ஒரு ஆள் எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேர்வு. கேள்விகள் என் கையேட்டிலிருந்துதான் வரும். திருத்துவதும் என் விடைகளை வைத்துத்தான்.

(இவளை அழ வைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அழுதால் உங்களுக்குப் பிடிக்கும். நிஜத்தில் அவள் ஃபோனில் என்னைக் கிழித்தாள்.)

3.

"சார், புக்ல உங்க நம்பர் கீது, அதான் போட்டேன். இன்னா சார் இப்டி எழுதி வச்சிக்கீறீங்க? ட்ரிப் செட் கவர்ல இருபது சொட்டு ஒரு மில்லின்னு போட்டுக்கீது. வார்டுல சிஸ்டருங்க மணிக்கு எத்தினி மில்லியோ அத மூணால வகுப்பாங்க. ஐந்நூறு மில்லி நாலு மணி நேரத்துக்குன்னா மணிக்கு நூத்தியிருபத்தஞ்சு, அத மூணால வகுத்தா கிட்டத்தட்ட நாப்பத்திரண்டு. நீங்க நாலால வகுத்துக்கீறீங்க."

"நான் பாத்து எழுதின வெளிநாட்டுப் புத்தகத்துல ஒரு மில்லிக்குப் பதினைஞ்சு சொட்டு விழற செட்டும்மா..."

"அது எந்த ஊரு செட்டு சார்? உங்க கணக்குல உட்டா நாலு மணி நேரத்து பாட்டிலு அஞ்சு மணி நேரம் தாண்டி ஓடும். படுத்துக்கினு இருக்கறவன் இன்னா ஆவான்?"

அதற்கு நான்

(இங்கே எழுதிய மூன்று சாக்கையும் அடித்துவிட்டேன்.)

4.

இந்த இடத்தில் ஒரு சாவை வைக்கலாம் என்று கை அரித்தது. தப்பான சொட்டு, ஒரு தொழிலாளி, ஆம்புலன்ஸ். கதைக்கு உடனே கனம் வந்துவிடும். என் தப்பை மறைக்க ஒருத்தனைச் சாகடிக்க வேண்டுமா? வெட்கங்கெட்ட பிழைப்பு.

பதிப்பாளர் சந்திரமோகனிடம் சொன்னேன். "ஒரு மார்க்குதானே சார், அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்" என்றார். தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஆனால் தேர்வு நடத்துகிறவர்களுக்கு நானே ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். போடவில்லை.*

* அட்டையில் என் பெயர் இருக்கிறது. வேறு காரணம் கிடையாது.

5.

முடிவு அ: நாற்பத்திரண்டு என்று எழுதுகிறாள், வேலை கைநழுவிப் போகிறது. நீங்கள் கைதட்டுவீர்கள். அவள் திங்கட்கிழமை லேபிள் ஒட்டப் போவாள்.

முடிவு ஆ: திருத்துகிற அதிகாரி தப்பைக் கண்டுபிடித்து, உடனே (அப்படி ஒரு அதிகாரியை நான் பார்த்ததில்லை. விட்டுவிட்டேன்.)

நடந்தது இதுதான். ஞாயிறு காலை கடம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டாள்.

"சார், எதை எழுதறது?"

"முப்பத்தொண்ணே எழுதிடும்மா. வேலைதான் முக்கியம்."



"சரி சார். வேலை கெடச்ச பொறவு, ஷிஃப்ட்ல எவனாவது மயங்கி உழுந்து, நர்ஸம்மா என்னாண்ட வந்து எத்தினி சொட்டுன்னு கேட்டா இன்னா சொல்றது?"

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

அவள் என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கில்லை. பேனாவை நீங்கள் பிடியுங்கள். எதை எழுதினாலும் தப்பாகும்படி ஒரு கேள்வியை அந்தப் பெண்ணுக்கு முன்னால் வைத்தவன் நான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மோனிகாவின் விடை: நிமிடத்துக்கு ............ சொட்டு.